ஷிப்ட் விடும் நேரத்தில் மயங்கி விழும் நாய்

இந்த மாதக் கடைசியோடு நம் விலங்கு மருத்துவமனையின் இதயப் பிரிவு மேசையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. நாய்களைத் தொட்டுப் பார்க்கும் வேலையிலிருந்து மட்டும்தான் ஓய்வு. இனி வேறோர் இடத்தில் உட்கார்ந்து, உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் இதயப் பதிவுகளைத் திரையில் படிக்கப் போகிறேன். துடிப்பைப் பிடிக்கும் ஒட்டுகளை நெஞ்சில் எங்கே வைப்பது, பேட்டரியை எப்போது மாற்றுவது, வயர்களை எப்படிச் சுருட்டி வைப்பது எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியாயிற்று. அந்த வரிசையில் எங்கும் பொருத்த முடியாமல் ஒன்று மீந்துவிட்டது. அதை இங்கே சொல்கிறேன்.

பெங்களூரின் ஓரத்தில், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை வாசலில் வாழ்ந்த பாக்ஸர் நாய் அது. யாரோ வளர்த்து, சலித்து, ஓசூர் சாலையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நிற்கிறது என்று தொழிலாளர்கள் அதற்கு ஓவர்டைம் என்று பெயர் வைத்து, அதையும் சுருக்கி ஓ.டி. ஆக்கியிருந்தார்கள். அதை எங்களிடம் கொண்டுவந்தவர்கள் இருவர். பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் செல்வி அக்கா ஒருவர், வாசல் காவலர் நஞ்சப்பா இன்னொருவர். அக்காவுக்கு வீடு நீலசந்திராவில். ஒரே அறை, நாய் கூடாது என்று சொல்லிவிட்ட வீட்டுக்காரர். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், வாசலிலிருந்து அனுப்பப்பட்டால் ஓ.டி.க்குப் போக வேறு இடம் இல்லை என்பதை அவர் நாயின் பெயரைச் சொல்வதற்கு முன்பே எங்களிடம் சொல்லிவிட்டார்.

பிரச்சினை இதுதான். இரண்டு மாதங்களாக ஓ.டி. அவ்வப்போது நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுகிறது. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுகிறது. ஒருமுறை கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் விழுந்து, ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட, உள்ளே நின்றிருந்த பெண் ஒருவர் தடுமாறி விழுந்து கையை முறித்துக்கொண்டார். நாய்க்கு வலிப்பு, வலிப்பு வந்த நாய் வெறிபிடித்துக் கடிக்கும் என்ற பேச்சு மேலே வரை போய்விட்டது. அந்த வாரத்துக்குள் மருத்துவரின் கடிதம் வராவிட்டால் நாயை நாய் பிடிப்பவர்களிடம் கொடுத்துவிடுவோம் என்று மனிதவள அதிகாரி பிரதீப் சொல்லியிருந்தார்.

நான் வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டேன். ஒன்று, விழும்போது கால்களை உதைக்கிறதா. இரண்டு, எழுந்த பிறகு திசை தெரியாமல் சுற்றுகிறதா. மூன்று, விழுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது.

முதல் இரண்டுக்கும் செல்வி அக்காவிடம் நேரான பதில் இல்லை. விழுந்ததும் எல்லாரும் ஓடிவந்து சுற்றி நின்றுகொள்வதால் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் வலிப்புதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"சாவி குடுத்தா எந்திரிச்சிடுது மேடம். நஞ்சப்பா அண்ணன் கேட் சாவிக் கொத்த கால்ல வச்சி அழுத்துவாரு. உடனே கண்ணத் தொறந்துடும். வலிப்பு இல்லன்னா சாவிக்கு எப்படி மேடம் அடங்கும்?"

நஞ்சப்பா பெருமையோடு தலையாட்டினார். இரும்பைத் தொட்டதும் எழுந்தது, ஆகவே வலிப்பு. இந்த ஒரு முடிவு, அவர்கள் காப்பாற்ற நினைத்த நாயையே வெளியேற்றும் அளவுக்குப் போயிருந்தது. சாவி இல்லாவிட்டாலும் அது எழுந்திருக்கும் என்று நான் அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கேள்விக்குப் பதிலே கிடைத்திருக்காது. மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த பதிலும் சுருக்கமானதுதான்: "சும்மாதான் நின்னுனு இருந்துச்சி."

மேசையில் படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தேன். அழகான பதிவு. ஒரு துடிப்புகூடப் பிசகவில்லை. நீங்கள் இங்கே கவனிக்க வேண்டும். அமைதியாக இருக்கும் நாயின் இதயம் மூச்சை இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் அடிக்கும். அந்த ஏற்ற இறக்கம் நலத்தின் அடையாளம். ஓ.டி.யின் இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராக, வேகமாக அடித்தது. அது பயந்துபோயிருந்தது, அவ்வளவுதான். பயந்த நாய் ஐந்து நிமிடத்துக்குக் கொடுக்கும் பதிவை வைத்துக்கொண்டு, வாசலில் அதற்கு என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

நாய் மேசையில் இருக்கும்போதே செல்வி அக்காவின் போனில் பிரதீப் வந்தார். போன் என் கைக்கு மாறியது. அவர் கோபப்படவில்லை. அவசரத்தில் இருந்தார்.

"மேடம், எனக்கு ஒரே லைன் போதும். ஃபிட்ஸ் இருக்கு, இல்லாட்டி இல்ல. எது சொன்னாலும் ஓகே."

இல்லை என்று எழுதித் தர எனக்குக் கை துறுதுறுத்தது. பாக்ஸர், திடீரென்று விழுகிறது, உடனே எழுகிறது. இந்த இனத்துக்கே வரும் இதய நோய் ஒன்று உண்டு என்பது நமக்கெல்லாம் தெரியும். கீழறையிலிருந்து தப்பான நேரத்தில் துடிப்புகள் கிளம்பி, கூட்டமாக ஓடி, ரத்தம் மூளைக்குப் போகாமல் நாய் மயங்கும். மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடலாமே என்று நம் தலைமை மருத்துவரிடம், நாம் எல்லாரும் சார் என்று கூப்பிடுகிறவரிடம், போய் நின்றேன். அவர் தலையைத் தூக்காமல், "எந்த மயக்கத்துக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைத் திரும்பி நடக்க வைத்தது. ஏனென்றால் இதே பாக்ஸர்களுக்கு இன்னொரு மயக்கமும் வரும். அதில் இதயம் ஓடுவதில்லை. சந்தோஷத்தின் உச்சியில் திடீரென்று மெதுவாகி, நின்று, பிறகு தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவதற்குக் கொடுக்கும் மாத்திரை இதயத்தை மெதுவாக்கும். இரண்டாவது வகை நாய்க்கு அதைக் கொடுத்தால் அடிக்கடி விழும், ஒருநாள் எழாமல் போகலாம். விழும் நொடியைப் பிடிக்காமல் மருந்து கொடுக்க வழியில்லை.

பிரதீப்பிடம் சில நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார். ஓ.டி.யின் நெஞ்சில் இரண்டு பக்கமும் முடியை மழித்து, ஒட்டுகளை வைத்து, ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்ட்டர் கருவியைச் சட்டைக்குள் பூட்டி அனுப்பினேன். கருவி நனையக் கூடாது, வயரை யாரும் இழுக்கக் கூடாது, மற்றபடி நாய் எப்போதும்போல இருக்கட்டும் என்று தமிழில் ஒருமுறையும் நஞ்சப்பாவுக்காகக் கன்னடத்தில் ஒருமுறையும் சொன்னேன். தமிழும் கன்னடமும் கலந்த ஒக்கலிபுரத்தில் வளர்ந்தவளுக்கு இரண்டு மொழியிலும் புரியவைக்கத் தெரியும் என்ற நம்பிக்கைதான்.

கருவி திரும்பி வந்தது. பதிவைத் திறந்தேன். இத்தனை நிம்மதியான நாளை எந்த நாயிடமும் நான் பார்த்ததில்லை. பகல் முழுவதும் தூக்கம். தூக்கத்தில் இதயம் அங்கங்கே நீண்ட இடைவெளி விட்டு அடித்திருந்தது. மென்பொருள் அந்த இடைவெளிகளுக்குச் சிவப்பு பூசி, இதயம் நிற்கிறது என்று எச்சரித்தது. உங்களில் யாராவது அந்தப் பதிவை மட்டும் பார்த்திருந்தால் பேஸ்மேக்கர் வைக்கலாம் என்று எழுதியிருப்பீர்கள். ஆழ்ந்து தூங்கும் ஆரோக்கியமான நாய்க்கு அந்த இடைவெளிகள் வரும். ஆனால் நான் தேடிய மயக்கம் அதில் இல்லை, அதற்கு அருகில் வரும் எதுவும்கூட இல்லை.

பிரதீப் மறுபடி கூப்பிட்டார். மிஷினில் ஒன்றும் வரவில்லை என்றால் இதயம் நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் வலிப்புதானே என்றார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. கருவி இருந்த நாளில் நாய் விழவே இல்லை, ஆகவே இந்தப் பதிவை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னேன். எதுவும் தெரியவில்லை என்று ஒருவரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள்.

பிறகுதான் அந்த நாள் எப்படிப் போனது என்று அவர்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஃபுல் ரெஸ்ட் கொட்டிதீவி மேடம்" என்றார் நஞ்சப்பா, முழு ஓய்வு கொடுத்தோம் என்று.

கொடுத்துத்தான் இருக்கிறார்கள். இதய நோயாளி என்ற சொல் காதில் விழுந்த பிறகு 'எப்போதும்போல' என்ற சொல்லுக்கு அங்கே யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை. காவலர் அறையில் அட்டைப்பெட்டிகளை விரித்து, மேலே பழைய யூனிஃபார்மைப் போட்டு, ஓ.டி.யைப் படுக்கவைத்து, மின்விசிறியைத் திருப்பிவைத்திருக்கிறார்கள். சத்தம் போடக் கூடாது என்று கதவை மூடியிருக்கிறார்கள். உணவு இடைவேளையில் வரிசையாக வந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒருவர் பிரெட், ஒருவர் ஆப்பிள், ஒருவர் இளநீர். கருவியைப் பூட்டிய அன்றைக்கு, அந்த இதயத்துக்கு எந்த வேலையும் வராமல் ஒரு தொழிற்சாலையே பார்த்துக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. செல்வி அக்கா சிரிக்கவில்லை. நஞ்சப்பா நாயை வெளியே அழைத்துப் போகும்வரை காத்திருந்து, பிறகு பேசினார்.

"மேடம், நீங்க அன்னிக்கே கேட்டீங்க, விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணுச்சின்னு. நான் சொல்லல. என்னைப் பாத்தாதான் விழுது."

கொஞ்சம் கொஞ்சமாக மீதியும் வந்தது. முதல் ஷிப்ட் விட்டு, அவர் அட்டை தேய்த்துவிட்டு வாசலுக்கு வரும்போது ஓ.டி. எங்கிருந்தாலும் ஓடிவரும். குதிக்கும், சுற்றும், சில நாள் அப்படியே சாயும். மற்ற பெண்களிடம் இல்லை, அவரிடம் மட்டும்தான். 'உன் மூஞ்சியப் பாத்து நாயே மயங்குதுடி' என்று கேலியாகத் தொடங்கியது. பஸ்ஸில் அந்தப் பெண் விழுந்த பிறகு கேலி மாறிவிட்டது. செல்வியின் ராசி சரியில்லை என்று பக்கத்து இருக்கையில் உட்காரவும் சிலர் தயங்கினார்கள். அதனால்தான் கருவி பூட்டிய நாளில் அவர் யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போயிருந்தார்.

நான் பிடிக்க நினைத்த நொடி, பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தது.

இப்போது எனக்கு முன்னால் இருந்தது ஒரே வழி. கருவியைப் பூட்டி, ஓ.டி.யை வாசலில் விட்டு, செல்வி அக்காவை அதன் எதிரே நடந்து வரச் சொல்ல வேண்டும். அதாவது, விழவைக்க வேண்டும். விழும் நாய்களில் சில எழுவதில்லை. இதைச் சொல்லாமல் அவரை நடக்கச் சொல்லவும் முடியும். மருத்துவ நோக்கில் அது தவறும் ஆகாது. ஆனால் அது எழாமல் போனால், ராசி என்ற சொல்லோடு அந்தப் பெண் மீதி வாழ்நாளைக் கழிப்பார். ஆகவே சொன்னேன்: இதில் ஓ.டி. சாகலாம். செத்தால் அது நோயால், உங்களால் இல்லை. செய்யாமல் விட்டால் என்ன மருந்து என்று தெரியாது, கடிதமும் தர முடியாது. முடிவு உங்களுடையது.

அவர் வெகுநேரம் யோசிக்கவில்லை. "நீங்க அங்க இருப்பீங்களா மேடம்?" என்று கேட்டார். இருப்பேன் என்றேன்.

மறுபடி கருவியைப் பூட்டிய அன்று நான் அவசர மருந்துப் பையோடு வாசலில் நின்றேன். பஸ்களை உள்ளேயே நிறுத்திவைக்கப் பிரதீப் ஏற்பாடு செய்திருந்தார். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாவி வேண்டாம், யாரும் கிட்டே வர வேண்டாம் என்று நஞ்சப்பா கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் கூட்டத்தை ஒதுக்கினார். மணி அடித்தது. பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஓ.டி. ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே வந்தது. செல்வி அக்காவைக் கண்டதும் முழு உடம்பையும் வளைத்து ஓடியது. அவர் முழங்காலில் முன்காலை வைத்தது. பின்கால்கள் துவண்டு, பக்கவாட்டில் சாய்ந்தது.

ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்தேன். துடிப்பு என்று எண்ண முடியாத ஒன்று விரல்களுக்குக் கீழே ஓடியது. கொதிக்கும் பாத்திரத்தின் மூடி அதிருமே, அப்படி. இதயம் நிற்கவில்லை, ஓடுகிறது. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. ஆனால் கையை எடுக்க முடியவில்லை. செல்வி அக்கா அசையாமல் நின்றார். ஊசியை எடுக்கப் பையின் பக்கம் திரும்பும்போது, ஒரு கனமான துடிப்பு உள்ளங்கையை முட்டியது. பிறகு இன்னொன்று. ஓ.டி. கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல அவரிடமே போனது.

பதிவு என் கை சொன்னதையே சொன்னது. மாத்திரை எது என்பதில் இனிக் குழப்பம் இல்லை. கடிதத்தையும் எழுதினேன். இது வெறிநோய் அல்ல, வலிப்பும் அல்ல, இதயத்தின் தவறான துடிப்புகளால் வரும் மயக்கம், இந்த நோயால் மனிதர்களுக்கு ஆபத்து இல்லை, நாய்க்கு உண்டு. பிரதீப் அதை இரண்டு தடவை படித்தார்.

"மாத்திர குடுத்தா இனிமே விழாதுன்னு கேரண்டி குடுப்பீங்களா மேடம்?"

"குடுக்க முடியாது. கொறையும்."

"அப்ப பஸ்ஸுக்கு முன்னாடி மறுபடி விழுந்தா?"

அவர் கேட்டதில் தவறில்லை. கை முறிந்த பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கேரண்டி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். அந்தச் சொல்லை மட்டும் எந்த உரிமையாளரிடமும் எந்த அதிகாரியிடமும் சொல்லாதீர்கள். மூன்று வாரம் மாத்திரை கொடுப்போம், அதே வாசலில் அதே நேரத்தில் மறுபடி பதிவெடுப்போம், நீங்களே வந்து பாருங்கள் என்றேன். அதுவரை நாய் இருக்கட்டும், அன்றைக்கு விழுந்தால் அனுப்பிவிடுவேன் என்றார் அவர். ஒப்புக்கொண்டேன். மூன்று ஷிப்ட் காவலர்களும் மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுக்கும் பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள்.

செல்வி அக்கா மட்டும் தயங்கி நின்றார்.

"நான் பின்வாசல்லயே போயிடறேன் மேடம். எப்பவும். என்னைப் பாக்காம இருந்தா நல்லா இருக்கும்ல?"

புத்தகம் அவர் பக்கம்தான். கிளர்ச்சியைத் தவிர்க்கவும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த நாய் ஒரு நாள் முழுக்க எதற்காகக் காத்திருக்கிறது என்று என் கண்ணால் பார்த்திருந்தேன். அதை எடுத்துவிட்டால் மருந்துக்கு என்ன வேலை மிச்சம்? மருந்து ஏறும்வரை மட்டும் பின்வாசலில் போங்கள் அக்கா, அதற்கப்புறம் முன்வாசல்தான் என்றேன். சரி என்று தலையாட்டினார், நம்பாமல்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வாசலில் நின்றேன். கருவி பூட்டிய சட்டையோடு ஓ.டி. காவலர் அறை நிழலில் படுத்திருந்தது. இந்த நாள்களில் ஷிப்ட் விடும்போதெல்லாம் எழுந்து வந்து, கடைசிப் பெண் போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பும் என்று நஞ்சப்பா சொன்னார். பிரதீப் கையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸின் அருகில் நின்றார். மணி அடித்தது. கூட்டத்தின் கடைசியில் செல்வி அக்கா வந்தார்.

ஓ.டி. எழுந்தது. பார்த்தது. பிறகு திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. செல்வி அக்கா கிட்டே போய்க் கூப்பிட்டார். திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போனார். அது முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டது. பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, "இப்ப மயங்கலடி, மூஞ்சியே பாக்க மாட்டேன்னுது" என்றாள். சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை செல்வி அக்காவும் சிரித்தார். பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"டேய், உனக்காகத்தான்டா அவ்ளோ தூரம் சுத்தினு போனேன். கோச்சினு இருப்பியா? இரு. நானும் பஸ்ஸ விட்டுட்டு இங்கயே இருக்கேன்."

கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு ஓ.டி.யின் வால் நுனி அசைந்தது. அதற்கப்புறம் அதனால் தாங்க முடியவில்லை. திரும்பி, அவர் மடியில் ஏறி, தோளில் ஏறி, கீழே இறங்கி, சுற்றிச் சுற்றிக் குதித்தது. பஸ் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். ஓ.டி. குதித்து முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நான்கு காலில் நின்றது.

பிரதீப் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "சரி, இருக்கட்டும். பஸ் வெளிய வர்றப்ப மட்டும் யாராவது புடிச்சுக்கணும், ஆயிதா?" என்றார். நஞ்சப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் ஒரே நேரத்தில் ஆயிது, சரி என்றார்கள்.

மறுநாள் பதிவைப் படித்தேன். தப்பான துடிப்புகள் அங்கங்கே ஒற்றையாக இருந்தன, கூட்டமாக எங்கும் ஓடவில்லை. அன்று முழுவதிலும் இதயம் மிக வேகமாக அடித்த நேரம், முதல் ஷிப்ட் விட்ட சில நிமிடங்களுக்குப் பிறகு. அறிக்கையில் அதற்குக் காரணம் எழுதும் கட்டம் ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். ஓட்டம், விளையாட்டு, பயம் என்று ஏதாவது எழுதுவோம். நான் 'கோபம் தணிந்தது' என்று எழுதிச் சாரின் மேசையில் வைத்தேன். யார் எழுதிய அறிக்கையானாலும் ஒரு சொல்லாவது அடித்துத் திருத்தாமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அதில் எதையும் அடிக்கவில்லை.